காதால் பார்த்த படங்கள்

என் தையல் கடையில் டிவி எனக்கு முதுகுப் பக்கம் இருக்கிறது. கடையை வாடகைக்குப் பிடித்தபோது பிளக் பாயிண்ட் அந்தச் சுவரில் மட்டும்தான் இருந்தது. அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சும் அதற்கு எதிரே அமைந்துவிட்டது. எனக்கு வெளிச்சம் வேண்டும், அதனால் வாசலைப் பார்த்து மெஷினைப் போட்டேன். பதினான்கு வருஷமாக இதே ஏற்பாடுதான். காலை பத்து மணிக்குப் போட்டால் ராத்திரி எட்டு வரைக்கும் டிவி ஓடும். அதில் நான் கண்ணால் பார்ப்பது கால் மணி நேரம் இருந்தால் அதிகம். மிச்சமெல்லாம் காதுதான்.

ரவிக்கைக் கழுத்துக்குப் பைப்பிங் வைக்கும்போது தலையைத் திருப்ப முடியாது. ஒரு இழை விலகினாலும் வளைவு கோணிப் போகும், போட்டுக்கொண்டவர் கண்ணாடி முன்னால் நின்றதும் கண்டுபிடித்துவிடுவார். ஆகையால் சினிமாவும் சீரியலும் எனக்குக் குரலாகத்தான் வந்து சேர்கின்றன. அழுகை நிஜமா, கோபம் தொண்டையிலிருந்து வருகிறதா வயிற்றிலிருந்து வருகிறதா, பேசுகிறவர் அந்த ஊர்க்காரர்தானா, வேறு எங்கேயோ இருந்து வந்து ஒப்பிக்கிறாரா, இதெல்லாம் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிடும். கீழே நான் சொல்லுகிற அபிப்பிராயங்கள் எல்லாம் அப்படி வந்தவை. ஆட்கள் தங்கள் ஊர் வாயில் பேசுகிறார்களா என்பதுதான் எந்தப் படத்திடமும் என் முதல் கேள்வி.

அதற்கு எங்கள் ஊரும் ஒரு காரணம். கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைக்காரி நான். இங்கிருந்து களியக்காவிளை வழியாக பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் திருவனந்தபுரம். 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்கள் கல்குளம் தாலுகா திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது. அன்றைக்கு அகஸ்தீஸ்வரம், தோவாளை, விளவங்கோடு தாலுகாக்களோடு சேர்ந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. என் பாட்டி பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், சாமி கும்பிட்டது தமிழில், திட்டியது இரண்டிலும். எங்கள் வீட்டில் மரச்சீனியும் மீனும் சாப்பிட்டுவிட்டு “வெள்ளம் எடு மக்ளே” என்பார்கள், தண்ணீரைத்தான் சொல்வது. ஞாபகத்துக்கு ஓர்மை என்பார்கள். அடுத்த மாவட்டம் தாண்டினால் யாருக்கும் அது புரியாது.

1985-இல் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாளத்தில் ஒளிபரப்பத் தொடங்கியது. எங்கள் தெருவில் முதலில் டிவி வாங்கிய வீட்டில் ஆன்டெனாவை வடமேற்கே திருப்பி வைத்தார்கள். காற்று அடித்தால் ஒரு பையன் மொட்டை மாடிக்கு ஓடுவான். கீழே இருந்து “வருது, வருது, போயிட்டு” என்று கத்துவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மலையாளப் படம் போட்டால் அந்த வீட்டு முற்றத்தில் பாய் விரித்து இருபது பேர் உட்கார்ந்திருப்போம். சென்னையில் இருக்கிறவர்கள் 2015-இல் ‘பிரேமம்’ படத்தை டப்பிங் இல்லாமலே மாதக் கணக்கில் பார்த்தார்கள் என்று எல்லோரும் அதிசயமாகப் பேசினார்களே, அதை நாங்கள் பாயில் உட்கார்ந்து எப்போதோ செய்துவிட்டோம். நல்ல படம்தான் பிரேமம். மலர் டீச்சர் வகுப்புக்குள் நுழையும்போது தமிழ் கேட்டதில் எனக்கும் சந்தோஷம்தான்.

எல்லாவற்றுக்கும் முதலில் ‘மணிச்சித்ரத்தாழ்’ பற்றிச் சொல்லியாக வேண்டும். 1993-இல் ஃபாசில் எடுத்த படம். அதன் சில பகுதிகளைப் பத்மநாபபுரம் அரண்மனையில் எடுத்தார்கள், இன்னும் சிலவற்றைத் திருப்பூணித்துறை ஹில் பேலஸில். எங்கள் கடையிலிருந்து அரண்மனைக்கு நடந்தே போகலாம். நிற்கிற மண் தமிழ்நாடு, பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறை. கறுப்புக் கண்ணாடி மாதிரி பளபளக்கும் அந்தத் தரையில் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வெறுங்காலோடு நடந்தது எனக்கு இன்றும் உள்ளங்காலில் இருக்கிறது. கேபிள் வந்து ஏஷியாநெட் என்கிற மலையாளச் சேனல் கிடைக்க ஆரம்பித்த பிறகு இந்தப் படத்தை எத்தனை தடவை போட்டிருப்பார்கள் என்று கணக்கே இல்லை. ஓணம் என்றால் அது உண்டு, விஷு என்றால் அது உண்டு.

முதல் தடவை பார்த்தபோது நான் பயந்து போய்ப் பாட்டியின் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டேன். கதாநாயகி கங்கா, செத்துப்போன நாகவல்லியாக மாறி, மலையாளம் போய்த் தமிழ் வருகிற இடம். பாட்டி பயப்படவில்லை, அழுதுகொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். “அது பேயொண்ணும் இல்ல மக்ளே. நாடு விட்டு வந்து மாட்டிக்கிட்ட பிள்ளையாக்கும். அவ பாஷை கேக்க அந்த வீட்ல ஒருத்தரும் இல்ல, கேட்டியா?” என்றாள்.

கதையில் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆட்டக்காரி. மலையாளம் மட்டும் தெரிந்தவர்களுக்கு, திடீரென்று வேற்று பாஷை அந்தப் பெண்ணின் வாயில் வருவதுதான் நடுக்கம். தமிழில் பி. வாசு 2005-இல் ‘சந்திரமுகி’ எடுத்தபோது நாகவல்லியைத் தெலுங்குக்காரி ஆக்கினார்கள். அதற்கு முந்தைய வருஷம் கன்னடத்தில் வந்த ‘ஆப்தமித்ரா’விலும் தெலுங்குதான். இந்தியில் 2007-இல் எடுத்தபோது வங்காளம். எங்கே எடுத்தாலும் பக்கத்து வீட்டு பாஷையைத்தான் பேய்க்குக் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் சொந்த பாஷை. அதனால்தான் பாட்டியால் பேயைத் தாண்டி அந்தப் பெண்ணைப் பார்க்க முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. சந்திரமுகியும் எனக்குப் பிடிக்கும், வடிவேலுவுக்காகவே பத்து தடவை கேட்டிருப்பேன். ஆனாலும் ‘ரா ரா’ பாட்டில் எனக்குப் பாதி புரியாமல் போகிறது. நாகவல்லியின் ஒவ்வொரு சொல்லும் புரிகிறது. புரிகிற பேய்தான் கூடுதல் துக்கம்.

இன்னொன்று. கங்காவாக நடித்த ஷோபனாவுக்கு அந்தப் படத்தில் தேசிய விருது கிடைத்தது, கிடைக்கவும் வேண்டும். ஆனால் குரல் கொடுத்தவர்கள் இரண்டு பேர். கங்காவுக்கு பாக்யலட்சுமி, நாகவல்லிக்கு துர்கா என்கிற தமிழ் டப்பிங் கலைஞர். ரொம்ப வருஷம் இரண்டும் ஒரே ஆள் என்றுதான் பேச்சு இருந்தது. உண்மை தெரிந்த அன்று எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்தத் தமிழில் மலையாள மூக்கொலி ஒரு துளிகூட இல்லை. தமிழிலேயே பிறந்து வளர்ந்த நாக்குதான் அப்படி ஆத்திரப்படும் என்று நான் முதலிலிருந்தே வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். 2024-இல் படத்தைப் புதுப்பித்து மறுபடி தியேட்டரில் விட்டபோது போய்ப் பார்த்தேன். அந்த இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். முப்பது வருஷம் கழித்தும் ரோமம் சிலிர்க்கிறது. பெயரைச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாத பெண் துர்கா.

பத்தொன்பது வயதில் திருப்பூருக்கு ஒரு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். ஓவர்லாக் மெஷினில் பீஸ் ரேட். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு மடிப்பு எப்படி வைப்பது என்று காட்டிவிட்டு, “மனசிலாச்சா?” என்றேன். அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. அன்றையிலிருந்து எனக்கு ‘மலையாளத்தா’ என்று பேர். நான் கேரளா இல்லை, கன்னியாகுமரி ஜில்லா என்று எத்தனை தடவை சொன்னாலும் யாருக்கும் அக்கறை இல்லை. கொஞ்ச நாளில் நான் ‘புரிஞ்சுதா’ என்று பேசப் பழகிவிட்டேன். ‘ஓர்மை’யை விட்டேன், ‘வெள்ள’த்தை விட்டேன். மூன்று வருஷம் கழித்து ஊருக்கு வந்தபோது பாட்டி என் பேச்சைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள்.

2023-இல் ‘ஜெயிலர்’ வந்தது. விநாயகன் வர்மனாக வந்து தமிழும் மலையாளமும் குழைத்துப் பேசிவிட்டு ‘மனசிலாயோ’ என்று கேட்கிறார். ஊரெல்லாம் அதையே சொல்லித் திரிந்தது. அடுத்த வருஷம் ‘வேட்டையன்’ படத்தில் அதுவே பாட்டாகிவிட்டது. ரஜினி அதில் கன்னியாகுமரி மாவட்ட எஸ்.பி. வேறு. பாட்டு கடையில் ஓடும்போதெல்லாம் நான் மெஷினை நிறுத்திவிடுவேன். மலேசியா வாசுதேவன் குரலைக் கம்ப்யூட்டரில் மறுபடி உண்டாக்கியிருந்தார்கள் அதில். மஞ்சு வாரியர் ஆடுகிறார் என்று பெஞ்சில் இருக்கிறவர்கள் சொல்வார்கள். எனக்கு அந்த ஒரு சொல் போதும். என்னைத் தலை குனிய வைத்த சொல்லுக்கு கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் ரீல்ஸ் போட்டு ஆடுகிறார்கள். சந்தோஷப்பட்டேன், நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும்: வர்மனின் பேச்சு மிரட்டலுக்காகக் குழைத்த பேச்சு. எங்கள் ஊரில் அதே சொல்லைக் குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது சொல்வோம்.

இந்த இடத்தில் எனக்கு இரண்டு பக்கத்து சினிமா மேலும் ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. மலையாளப் படங்களில் தமிழன் என்றால் ரொம்ப காலத்துக்கு லாரி ஓட்டுகிறவன், அரிவாள் எடுக்கிறவன், நெற்றி நிறைய விபூதி பூசி உரக்கக் கத்துகிறவன். ‘பாண்டி’ என்ற சொல்லை எத்தனை படத்தில் சிரிப்புக்காகப் போட்டிருக்கிறார்கள். தமிழ்ப் படங்களில் மலையாளி என்றால் டீக்கடை நாயர். பெண் என்றால் முண்டும் ரவிக்கையுமாக வந்து நாயகனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறவள். அந்த ரவிக்கையைத் தைக்கிறவள் நான். ஓண சீசனில் செட்டு முண்டுக்கு ரவிக்கை தைக்க வருகிற டீச்சர்மார் எப்படி இருப்பார்கள், எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒருத்தியைத் தமிழ் சினிமாவில் நான் கேட்டதில்லை. இரண்டு வீட்டிலும் உறவு இருக்கிறவர்களுக்கு, ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாரைக் கேலி பேசும்போது எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாது. அந்தச் சங்கடம் எங்களுக்கு.

‘திரிஷ்யம்’, ‘பாபநாசம்’ எது நல்லது என்று கடையில் வருஷத்துக்கு நாலு தடவையாவது சண்டை வரும். இரண்டையும் ஜீத்து ஜோசப்தான் எடுத்தார், 2013-இலும் 2015-இலும். இரண்டிலும் போலீஸ் அதிகாரி ஆஷா சரத்துதான். பாபநாசத்துக்கு வசனம் எழுதியவர் எங்கள் மாவட்டத்துக்காரர், ஜெயமோகன். என் காது இதில் இரண்டு பக்கமும் சாய்கிறது. குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற, கஞ்சத்தனம் பண்ணுகிற, பிள்ளைகள் அப்பாவைச் சீண்டுகிற முன்பாதியில் பாபநாசம் என்னை உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது. நெல்லைப் பேச்சு கமலின் வாயில் உட்கார்ந்த விதம் அப்படி. மலைக்கு அந்தப் பக்கத்து ஜனங்களின் பேச்சு அது, எங்கள் பேச்சுக்குச் சித்தப்பா முறை. ஆனால் கடைசியில் பையனைப் பறிகொடுத்த தாய் தகப்பனிடம் பேசுகிற இடத்தில் மோகன்லாலின் குரலைத்தான் நான் எடுப்பேன். கமல் அங்கே உடைந்து அழுகிறார், நன்றாகவே அழுகிறார். மோகன்லால் அழுகையைத் தொண்டையிலேயே நிறுத்தி வைத்துப் பேசுகிறார். முதுகைத் திருப்பி உட்கார்ந்திருக்கிற எனக்கு அது கூடுதலாகக் கேட்டது. எங்கள் பாட்டா, அதாவது தாத்தா, நிலம் விற்ற அன்றைக்கு அப்படித்தான் பேசினார்.

சீரியல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கடையில் அதிக நேரம் ஓடுவது அதுதான். திருப்பூர் ஹாஸ்டலில் ‘மெட்டி ஒலி’ வருகிற நேரத்தில் சாப்பாட்டு வரிசையே காலியாகும். ஐந்து பெண்களைப் பெற்ற அந்தத் தகப்பனின் குரலைக் கேட்டு வீட்டு ஞாபகத்தில் அழாத பெண் அங்கே இல்லை. இப்போது வருகிற தமிழ் சீரியல்களில் எந்த ஊரில் கதை நடந்தாலும் எல்லாப் பெண்களும் ஒரே தமிழ் பேசுகிறார்கள். மாமியார் ஒரு தமிழ், மருமகள் ஒரு தமிழ் என்றுகூடக் கிடையாது. ‘எதிர்நீச்சல்’ அதற்கு விலக்காக இருந்தது. ஆதி குணசேகரனாக மாரிமுத்து பேசும்போது தேனிப் பக்கத்து மண் அப்படியே வந்து விழும். அவ்வளவு கெட்டவனை அவ்வளவு பேர் ஆசையாகக் கேட்டார்கள். 2023 செப்டம்பரில் அந்த சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. பிழைக்கவில்லை. செய்தி வந்த அன்று கடையில் ஆறு பெண்கள் இருந்தோம், ஒருத்தரும் சேனலை மாற்றவில்லை. அதற்குப் பிறகு வேறொருவர் அந்த வேஷத்தில் வந்தார். நடிப்பில் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். என் காது மட்டும் பழைய குரலையே தேடியது.

மலையாளத்தில் ‘உப்பும் முளகும்’ எனக்கு உயிர். 2015 கடைசியில் ஃப்ளவர்ஸ் டிவியில் ஆரம்பித்தது. ஒரு வீடு, அப்பா அம்மா பிள்ளைகள், அவ்வளவுதான். பெரிய சூழ்ச்சி கிடையாது, விஷம் வைக்கிற நாத்தனார் கிடையாது. பிஜு சோபானம் பேசுகிற திருவனந்தபுரத்துப் பேச்சு எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலாகப் பேசுவது போல இருக்கும். என்னிடம் தையல் பழகுகிற பிள்ளைக்கு மலையாளம் எழுதப் படிக்கத் தெரியாது, இந்தத் தொடரைக் கேட்டே பேசப் பழகிவிட்டாள். தமிழில் இப்படி ஒரு வீடு ஏன் இல்லை என்று எனக்கு ஏக்கமாகவே இருக்கிறது. தமிழில் ஒரு வீடு வேண்டும், அது குழித்துறையிலோ குலசேகரத்திலோ இருக்க வேண்டும், அதில் சண்டை பிடிக்கிற அம்மா “நீ சோலியப் பாரு பிள்ளே” என்று சொல்ல வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் நாகர்கோவிலில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

அப்புறம் டப்பிங். மலையாளப் படத்தைத் தமிழாக்கி டிவியில் போடுகிறார்களே, அது எனக்கு வேண்டாம். மீனவனும் வக்கீலும் கன்னியாஸ்திரீயும் ஒரே ஸ்டூடியோ தமிழில் பேசுகிறார்கள். எழுத்துப் போட்டாலே போதும் என்று சொல்வேன். எனக்கோ திரும்பி எழுத்தைப் படிக்க முடியாது என்பது வேறு விஷயம்.

‘மஞ்சும்மல் பாய்ஸ்’ 2024-இல் மார்த்தாண்டத்தில் பார்த்தேன். 2006-இல் கொடைக்கானல் குணா குகையில் நிஜமாக நடந்த சம்பவம். கொச்சிப் பக்கத்துப் பையன்கள் பாதித் தமிழில் திணறிப் பேசுவதும், கொடைக்கானல்காரர்கள் அலுப்போடு பதில் சொல்வதும் அப்படியே நிஜம். உடைந்த தமிழை உடைந்த தமிழாகவே விட்டார்களே, அதற்காகவே இயக்குநர் சிதம்பரத்தைப் பாராட்ட வேண்டும். 1991-இல் வந்த ‘குணா’ பாட்டு கடைசியில் எழும்பியபோது தியேட்டரில் மலையாளம் பேசுகிறவர்களும் தமிழ் பேசுகிறவர்களும் சேர்ந்து கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த வயதான அண்ணாச்சி ஒருத்தர் தோர்த்தால் முகத்தை மூடிக்கொண்டார். இளையராஜாவுக்கு எல்லைக்கோடு கிடையாது.

ஆனால் என் நெஞ்சில் உட்கார்ந்த படம் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’. 2023 ஜனவரியில் மகளைக் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் போய்ப் பார்த்தேன். லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் படம். பேரே தமிழ். வேளாங்கண்ணிக்குப் போய்விட்டுத் திரும்புகிற மலையாள நாடகக் கோஷ்டி பஸ்ஸில் மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறது. ஜேம்ஸ் என்கிற மம்மூட்டி எழுந்து, வண்டியை நிறுத்தச் சொல்லி, வயல் வழியே ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்து, ஒரு வீட்டுக்குள் போகிறார். காணாமல் போன சுந்தரமாக ஆகிவிடுகிறார். பழனிப் பக்கத்துக் கிராமத்தில் எடுத்திருக்கிறார்கள்.

இந்தப் படத்தைக் காதுக்காகவே எடுத்தார்களோ என்று இருந்தது. பின்னணி இசை என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஏதோ ஒரு வீட்டு டிவியில், ஏதோ ஒரு டீக்கடை ரேடியோவில் பழைய தமிழ்ப் பாட்டும் பழைய பட வசனமும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு மத்தியான நேரத்துத் தமிழ்க் கிராமம் எப்படிக் கேட்குமோ அப்படி. ஜேம்ஸ் தமிழ்நாட்டுச் சாப்பாட்டைப் பார்த்து முகம் சுளிக்கிறவர். அதே ஆள் சுந்தரமானதும் நாக்கு மாறிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு மம்மூட்டியின் குரலை மட்டும் கேட்டேன். ஜேம்ஸின் குரலில் ஒரு சிடுசிடுப்பு, சுந்தரத்தின் குரலில் ஒரு உரிமை. கேரள அரசு 2022-ஆம் வருஷத்துக்கான சிறந்த நடிகர் விருதை இந்தப் படத்துக்காக அவருக்குக் கொடுத்தது சரியான காரியம்.

அந்த வீட்டில் சுந்தரத்தின் தாய்க்குக் கண் தெரியாது. நாள் முழுக்க டிவிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பாள். உள்ளே வந்தவன் தன் மகன் மாதிரி பேசுகிறான். வீட்டில் மற்றவர்கள் திகைத்து நிற்கிறார்கள், அவளுக்கு மட்டும் ஒரு குழப்பமும் இல்லை. அந்த இடத்தில் எனக்குத் தாங்க முடியவில்லை. என் பாட்டிக்குக் கடைசி மூன்று வருஷம் பார்வை போய்விட்டது. நாற்காலியை டிவியோடு ஒட்டிப் போட்டு உட்காருவாள். மத்தியானம் மலையாளப் படம், சாயங்காலம் தமிழ் சீரியல், நடுவில் என்னிடம் கதை கேட்பாள். இது எந்த பாஷை என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. “இந்தப் பய நல்லவனா, கெட்டவனா?” என்றுதான் கேட்பாள். நான் சொல்வதற்குள் அவளே சொல்லிவிடுவாள், பெரும்பாலும் சரியாக இருக்கும். தியேட்டரை விட்டு வெளியே வந்து மகளிடம் இதைச் சொன்னேன். தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவள் என் கையை விடவில்லை.

இதையெல்லாம் விட எங்களுக்கு நெருக்கமான ஒரு படம் இருக்கிறது. அதை அதிகம் பேர் பார்க்கவில்லை. ‘ஒழிமுறி’, 2012. மதுபால் இயக்கம், கதை திரைக்கதை ஜெயமோகன். மலையாளப் படம் என்றுதான் கணக்கு. ஆனால் நடப்பது பழைய தென் திருவிதாங்கூரில், அதாவது எங்கள் மண்ணில். ஐம்பத்தைந்து வயது மீனாட்சி பிள்ளை, எழுபது தாண்டிய தாணுப்பிள்ளையிடம் விவாகரத்துக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போகிறாள். பெண்வழிச் சொத்து இருந்த காலத்தில் வீட்டை ஆண்ட மாமியார் காளிப்பிள்ளையின் கதையும் கூடவே வருகிறது. லால், மல்லிகா, ஸ்வேதா மேனன். அதில் அவர்கள் பேசுவதைக் கேட்டபோது ரவிக்கைத் துணி கையிலேயே நின்றுவிட்டது. அது திருச்சூர் மலையாளமும் இல்லை, மதுரைத் தமிழும் இல்லை. என் பாட்டி பேசினது. சினிமாவில் அந்தப் பேச்சை நான் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. மாமியார் காளிப்பிள்ளை வாசலில் நின்று அதட்டுகிற குரலைக் கேட்டு, துணி எடுக்க வந்த மைனி ஒருத்தி, “எங்க அம்மாயி மாதிரியே இருக்காளே” என்று பெஞ்சிலிருந்து எழுந்தே நின்றுவிட்டாள். தமிழ்நாட்டில் இந்தப் படத்தைப் பற்றி யாரும் பேசாதது எனக்கு இன்றைக்கும் வருத்தம். தமிழர்கள் அது மலையாளப் படம் என்று விட்டார்கள்.

மலையாள சினிமாவே எங்கள் மண்ணிலிருந்து போனதுதான் என்று சொன்னால் சென்னைக்காரர்கள் நம்புவதில்லை. அங்கே முதல் சூப்பர் ஸ்டார் என்று சொல்லப்படுகிற திக்குறிச்சி சுகுமாரன் நாயர், 1951-இல் ‘ஜீவித நௌகா’வில் நடித்தவர், மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிற திக்குறிச்சிக்காரர். சிவராத்திரிக்கு நாங்கள் சிவாலய ஓட்டம் ஓடும்போது இரண்டாவதாகத் தொடுகிற கோயில் அந்த ஊரில்தான். மலையாள சினிமாவின் தந்தை என்கிற ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்துக்காரர். சொத்தை விற்று முதல் மலையாளப் படமான ‘விகதகுமாரன்’ எடுத்து எல்லாவற்றையும் இழந்தார். 1975-இல் இறக்கிறவரைக்கும் கேரளம் அவரை மதிக்கவில்லை. இன்றைக்கு அந்த அரசின் பெரிய சினிமா விருதுக்கு அவர் பேர்.

அவர் கதையை 2013-இல் கமல் என்கிற மலையாள இயக்குநர் ‘செல்லுலாய்ட்’ என்று எடுத்தார். பிருத்விராஜ் டேனியல். அந்தப் படத்துக்கு நான் நன்றி சொல்கிறேன், வைக்கம் விஜயலட்சுமி பாடிய பாட்டு என் போனில் இப்போதும் இருக்கிறது. ஆனால் எனக்கு வேண்டியது பி.கே. ரோசியின் படம். தலித் பெண் ஒருத்தி நாயர் பெண்ணாக நடித்துவிட்டாள் என்று திருவனந்தபுரத்தில் திரைமேல் கல் எறிந்தார்கள், அவளை ஊரில் இருக்கவிடவில்லை. ஒரு லாரியில் ஏறித் தப்பி நாகர்கோவிலுக்கு வந்தாள். அந்த லாரி ஓட்டியவரையே கல்யாணம் பண்ணிக்கொண்டு அங்கேயே வாழ்ந்தாள். மலையாளத்தின் முதல் கதாநாயகி எங்கள் ஜில்லாவில் சோறு பொங்கிப் பிள்ளை வளர்த்திருக்கிறாள். ‘செல்லுலாய்ட்’ அவளை லாரி ஏற்றிவிட்டு டேனியலோடு திரும்பிப் போய்விடுகிறது. மிச்ச வாழ்க்கையை யாரும் எடுக்கவில்லை.

‘விகதகுமாரன்’ ஊமைப் படம். பிரதியும் மிஞ்சவில்லை. ரோசியின் குரலைத் திரையில் யாரும் கேட்டதில்லை. யாராவது அந்தப் படத்தை எடுத்தால் அவளுக்கு ஸ்டூடியோ தமிழும் வேண்டாம், டிவி மலையாளமும் வேண்டாம். வடசேரிச் சந்தையில் காலையில் ஒரு பெண் நின்று மீன் விலை கேட்பாளே, அந்த வாயைக் கொடுங்கள். நான் கடையைப் பூட்டிவிட்டு வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணாலேயே பார்க்கிறேன்.